நான் கூப்பிட்டது மைனியை

எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு ஒரு இழுப்பு உண்டு. அருமனையில் பஸ் ஏறி மதுரையில் இறங்கி ஒரு டீ கேட்டால் போதும், கடைக்காரர் "கன்னியாகுமரியா?" என்பார். நாங்கள் வாயால் சொல்வது பாதிதான். கோபமா, கிண்டலா, பயமா என்பதையெல்லாம் அந்த இழுப்பில் வைத்திருப்போம். என் மகளின் பேச்சில் அது கிடையாது. பாடப்புத்தகத் தமிழில் ஒரே மட்டத்தில் பேசுவாள். "அம்மா, சோறு குழைந்துவிட்டது." "அம்மா, மழை வருகிறது." "அம்மா, மாமா வழுக்கி விழுந்துவிட்டார்." மூன்றுக்கும் ஒரே குரல். சின்ன வயதில் என் அண்ணன் பிள்ளைகள் அவளை 'நியூஸ்' என்று கூப்பிடுவார்கள். "ஏ நியூஸ், இன்னைக்கு என்னட்டி முக்கியச் செய்தி?" அவள் நின்று, யோசித்து, உண்மையிலேயே அன்றைய முக்கியச் செய்தியைச் சொல்வாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல்.

இப்போது அவளுக்கு இருபத்தொன்று. பதினாலு வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். லேசான வகை என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. "மத்தவங்க முகத்தப் பாத்து மனசில என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கது இவளுக்குக் கஷ்டம். தெரிஞ்சபிறகு வருத்தப்படுததுல ஒரு குறைவும் இல்ல. ரெண்டும் ரெண்டு காரியம், குழப்பாதீங்க" என்றார். நான் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். பத்தொன்பது வருஷமாக ஒரு சன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். சீட்டை நீட்டுகிற கையைப் பார்த்தே காலையில் சாப்பிடாமல் வந்தவர் யார், வீட்டில் அடி வாங்கிவிட்டு 'படியில வழுக்கிட்டேன்' என்பவர் யார் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அந்த வித்தை மகளிடம் இல்லாதது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி விதிகள் எழுத ஆரம்பித்தேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளிடம் அந்த நோட்டாவது இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் விதி, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வாறேன்' சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே செய்தாள். ஒரு சாவு வீட்டில், கணவனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் நின்று, "போய் வருகிறேன்" என்றாள். துட்டி வீட்டில் யாரும் சொல்லக் கூடாத சொல் அது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். கூடியிருந்த பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து முதல் விதிக்குக் கீழே ஒரு விலக்கு எழுதினேன்.

ஏழாவது விதி வந்த கதையைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு என் அண்ணனுடையது. நடுவே ஒரு மதில்தான். அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம், அண்ணனுக்கு நெஞ்சில் ஒரு சோதனை செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மைனி, அதாவது அண்ணன் மனைவி, எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். என் மகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு விருந்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, பாயாசம் வருவதற்கு முன்னால் சும்மா கேட்டார், "மாமாவுக்கு சொகந்தானா மக்கா?" இவள், "இல்லை. போன வியாழக்கிழமை நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் அடைப்பு" என்றாள். சம்பந்தம் இரண்டு மாதம் இழுபறியில் கிடந்து, பிறகு ஒரு வழியாக நடந்தது. ஆனால் மைனி அதை மறக்கவில்லை. அன்றைக்கே நான் எழுதினேன்: 'வீட்டுக்குள் நடப்பதை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும்.' 'யார் கேட்டாலும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

இந்த வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். விடுதிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவள் அந்தப் படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, சாப்பாட்டு மேசையில் என் மாத்திரை டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள். தினமும் மாத்திரை எடுக்கும்போது பார்ப்பேன். சேருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் போடவில்லை. தெரியாத ஊரில் யாராவது சிரித்துக்கொண்டே கெட்டது செய்தால் இவளுக்கு எப்படித் தெரியும்?

அது ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடித்து வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் குளிக்கப் போனேன். தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்தேன், தரையில் எண்ணெய் சிந்தியது. அவ்வளவுதான். வலது கால் எனக்குக் கீழே மடங்கிக்கொண்டது. ஏதோ ஒடிந்த சத்தம் கேட்டது. பாவாடையை மார்பில் கட்டியிருந்தேன், அதுவும் அவிழ்ந்துவிட்டது.

கதவுக்கு வெளியே மகள் குரல். "அம்மா, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"கதவைத் திறக்கட்டுமா?"

"வேண்டாம்! போ மக்கா, போய்ப் படி."

அந்தக் கோலத்தில் அவள் பார்க்க வேண்டாம் என்பது ஒன்று. எழுந்துவிடலாம் என்பது இன்னொன்று. எழ முடியவில்லை. பாதம் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வலி வர ஆரம்பித்ததும் நான் கத்தினேன். "மைனி! மைனீ!" குளியலறைச் சன்னல் அண்ணன் வீட்டுப் பக்கம்தான். ஆனால் அடுத்த தெருவில் ஒரு கல்யாண வீடு, மதியத்திலிருந்தே ஒலிபெருக்கியில் பாட்டு. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தினேன், மயங்கினேன், விழித்து மறுபடி கத்தினேன்.

சன்னலில் வெளிச்சம் குறைந்தபோது மைனி வந்து கதவைத் தள்ளினாள். "என் தேவி! ஏட்டி, என்னட்டி இது!" அதற்குப் பிறகு அண்ணன், கார், மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மைனிதான் கதை சொன்னாள். நான் படுத்துக்கொண்டு கேட்டேன். "கல்யாண வீட்டுல காய்கறி வெட்டப் போயிட்டு அப்பதான் வாறேன், கேட்டேளா. இந்தப் பிள்ள எங்க கேட்டுல நிக்கி. 'அம்மா உங்களைக் கூப்பிடுகிறார்'னு சொல்லுதா. நியூஸ் வாசிக்க மாதிரி. எதுக்குட்டின்னேன். 'தெரியாது. ஒன்றுமில்லை என்றார்'ங்கா. அங்க பெத்தவ காலு ஒடிஞ்சு கெடக்கா! மொகத்துல ஒரு பதட்டம் இருக்கணுமே? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி? நான் சொல்லுதேன், படிப்பெல்லாம் இருக்கு அவளுக்கு. மனசுதான் இல்ல."

வந்தவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். மகள் அறையின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் அவள் காதில் விழுந்தது. நான் மைனியைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மணி நேரம் நான் கிடந்திருக்கிறேன். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

கணவர் வீடியோவில் அழைத்தார். என் காலைக் காட்டச் சொன்னார், பார்த்தார். பிறகு, "அவள கோயம்புத்தூர் அனுப்பாண்டாம். பெத்த தாய்க்கு வலிக்குதுன்னு தெரியாத பிள்ள நாலு பேருக்க எடையில எப்படி இருப்பா?" என்றார். செரி என்றேன். ஃபோனை வைத்துவிட்டு மகளைப் பார்த்து, "இந்த வருஷம் வேண்டாம் மக்கா" என்றேன். அவள், "சரி" என்றாள். அதே குரல்.

அன்று முதல் அவள் தயிர்ச்சோறு தவிர வேறெதுவும் தின்னவில்லை. மைனி மீன்குழம்பு கொண்டுவந்தாள், தொடவில்லை. "அதுக்கு ஒரு வாசி வேற" என்றாள் மைனி. பிடிவாதத்தைச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை, கட்டு மாற்ற வந்த நர்ஸ் கேரளப் பக்கத்துப் பெண். என் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். "சேச்சி, மோளுக்கு கையில எந்தா?"

இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகக் கோடு கோடாகக் கன்றிப்போயிருந்தது. இடது கையில் தோல் உரிந்து, துருக் கறையோடு காய்ந்திருந்தது. ஐந்து நாளாக அந்தக் கையால்தான் எனக்குத் தண்ணீர் தந்திருக்கிறாள், தலை வாரியிருக்கிறாள். சன்னலுக்குப் பின்னாலிருந்து ஊரார் கையையெல்லாம் படிக்கிறவள் நான்.

"எப்படி ஆச்சு?" என்று நர்ஸ் அவளிடமே கேட்டாள்.

"கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன்."

"எத்தர நேரம்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

நர்ஸ் மருந்து போட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று என்ன நடந்தது என்று எல்லோரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள், இவளிடம் நான் கேட்கவே இல்லை என்று. கேட்டேன். "அன்னைக்கு நீ என்ன செய்த?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாகச் சொன்னாள்.

"நான்கு ஐம்பத்திரண்டுக்குச் சத்தம் கேட்டது. என்ன என்றேன். ஒன்றுமில்லை, போ என்றீர்கள். கதவைத் திறக்கவா என்றேன். வேண்டாம் என்றீர்கள். பிறகு மைனி மைனி என்று கூப்பிட்டீர்கள். ஏழு தடவை. அத்தையை அழைத்துவரப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஃபோன் செய்தேன். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. மாமாவுக்குச் செய்தேன், அவர் எடுக்கவில்லை. திரும்பி வந்து, அத்தை வீட்டில் இல்லை என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மறுபடி மைனி என்றீர்கள். அதனால் மறுபடி போனேன். அத்தை ஆறு இருபதுக்கு வந்தார், அதுவரை கேட்டில் நின்றேன்."

"வழியில யாரும் வரல்லியா?"

"மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பைக்கை நிறுத்தி, ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். அத்தைக்காக என்றேன்."

"அவர்ட்ட சொல்லியிருக்கலாமே மக்கா."

"ஏழாவது விதி."

மறுபடி கேட்டேன். "எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சுதா?"

"கால் ஒடிந்தது தெரியாது. நீங்கள் பயந்தது தெரிந்தது. நீங்கள் கூப்பிடும்போது எனக்கு இங்கே" என்று வயிற்றைத் தொட்டாள். "வாந்தி எடுத்தேன், அத்தை வீட்டு வாழைக்குப் பக்கத்தில். மண் போட்டு மூடிவிட்டேன்."

பிறகு முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வழக்கம்போல மோவாயைப் பார்த்தாள். "நான் கதவுக்கு வெளியேதான் இருந்தேன். என்னை ஏன் கூப்பிடவில்லை?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பதில் இது. அவளால் முடியாது, பயந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். யோசித்து நினைத்ததுகூட இல்லை. ஒடிந்த காலோடு அலறும்போது வாயில் வந்த பெயர்களில் மைனி இருந்தாள், சாமி இருந்தது, பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன என் அம்மாகூட இருந்தாள். மகள் இல்லை.

அன்று முழுக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் குழந்தை வீறிட்டு அழுதால் இவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். சகிக்கத் தெரியாதவள் என்று திட்டியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் கூடப் படித்த, கடற்கரை ஊரிலிருந்து வந்த பெண்ணின் அப்பா கடலில் தவறிப்போனார். வகுப்பே அவளைக் கட்டிப்பிடித்து அழுதது, என் மகள் வெளியே வராந்தாவில் போய் நின்றாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இப்படி ஒரு பிள்ளையா என்று கேட்டார். நான் தலைகுனிந்து வந்தேன். அந்தப் பெண் பள்ளிக்கு வராத பதினெட்டு நாளும் இவள் எல்லாப் பாடக் குறிப்பையும் இரண்டு தடவை எழுதினாள். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. எதற்கு இரண்டு தடவை எழுதி நேரத்தை வீணாக்குகிறாய் என்று அதற்கும் நான் சத்தம் போட்டேன். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மதியம் மைனி கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"மைனி, அன்னைக்கு இவ சொன்ன உடனே வந்தியளா?"

"பின்னே? வந்தேன்லா."

"அவ ஆறு இருபதுன்னு சொல்லுதா. நீங்க வந்தது ஏழு மணி சமயம்."

மைனி தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். "ஏட்டி, நான் என்னத்தக் கண்டேன்? கையெல்லாம் காய்க்கறை. கழுவிட்டு, சேலைய மாத்திட்டு, ஒரு வாய் கட்டன் சாயா போட்டுக் குடிச்சிட்டு வந்தேன். ஒண்ணுமில்லன்னுதானே சொன்னா? அவ மொகத்துல ஒண்ணும் தெரியல்லியே."

"கையப் பாத்தியளா?"

"கையா?" தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கேட்ட விடவே இல்ல அவ. நான் உள்ள போணும், மாறு பிள்ளேன்னேன். மாறல்ல. வெரல ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சு விட்டேன். அதுவும் ஒரு கிறுக்குன்னு நெனச்சேன்."

மைனி கெட்டவள் இல்லை. எனக்கு இந்த இரண்டு மாதமும் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. விரலைப் பிரித்து எடுத்தவளுக்கும் தெரியவில்லை, பெற்றவளுக்கும் தெரியவில்லை. மகள் மட்டும் எங்களைப் படிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கினாள். மகள் மருந்தோடு வந்தபோது மைனி, "கஞ்சி குடிக்கியா மக்கா? தயிரு இருக்கு" என்றாள். அவள், "குடிக்கிறேன்" என்றாள்.

சாயங்காலம் மகளை வீட்டுக்கு அனுப்பி, மாத்திரை டப்பாவின் கீழே இருக்கும் படிவத்தையும் விதி நோட்டையும் எடுத்துவரச் சொன்னேன். பென்சில் குறி அழியாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கணவர் ஃபோனில், "ஒனக்கு பயமில்லியா?" என்று கேட்டார். "பயந்தான்" என்றேன். "பின்ன?" என்றார். "அவ ஒரு மணி நேரம் கேட்ட விடாம நின்னிருக்கா" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. "ஒனக்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏழாவது விதியை அடிக்கப் போனேன். அவள் தடுத்தாள். அப்படியே இருக்கட்டும், விலக்கு மட்டும் எழுதினால் போதும் என்றாள். எழுதினேன்: 'யாராவது சத்தம்போட்டுக் கூப்பிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தக் கதவையும் திறக்கலாம்.' அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'அம்மா ஒன்றுமில்லை என்று சொன்னால் மறுபடியும் கேட்க வேண்டும்.'

கிளம்புகிற நாள் அண்ணன் அவளைக் கொண்டுவிடப் போனார். குழித்துறையில் ரயில். அவள் பையை மாட்டிக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வலிக்கிறதா?"

"ஒண்ணு…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "வலிக்குது."

"எங்கே?"

"குதிகால்ல. தகட்டுக்குக் கீழ."

பையை இறக்கி வைத்தாள். தலையணையை எடுத்துக் காலுக்கு அடியில் இரண்டாக மடித்து வைத்தாள். பாதத்தைத் தூக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தையே பார்த்தாள். அதனாலோ என்னவோ வலிக்காமல் தூக்கினாள்.

"வேறு ஏதாவது இருக்கிறதா?"

"நீ போறது வருத்தமா இருக்கு. பயமா இருக்கு."

அவள் யோசித்தாள். வெளியே அண்ணன் ஹாரன் அடித்தார். "அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். ஒனக்குத் தெரிஞ்சா போதும்."

"தெரிந்தது" என்றாள். பையை மாட்டிக்கொண்டாள். "போய் வருகிறேன்."

இப்போது கோலூன்றி நடக்கிறேன். குளிக்கும்போது கதவை முழுக்கச் சாத்துவதில்லை. இரவு எட்டு மணிக்கு அவள் ஃபோன் செய்வாள். வலிக்கிறதா என்று கேட்பாள். சில நாள் இல்லை என்பேன். அது உண்மையாகவே இருந்தாலும், மறுபடியும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.